அக்கா எழுதிய ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள்

நம் வயதுக்காரர்களுக்கு, அதாவது மூட்டு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அதை வெளியில் சொல்லாமல் இருக்கிறவர்களுக்கு, கேபிள் வயர் முதன்முதலில் தெருவுக்குள் வந்த வருஷம் மறந்திருக்காது. கோச்சடையில் எங்கள் தெருவுக்கு அது பெரிய லீவு முடிகிற சமயத்தில் வந்தது. மாடிக்கு மாடி, முருங்கை மரத்துக்கு மரம் கறுப்பு வயரை இழுத்துக் கட்டினார்கள். காக்காய்கள் இரண்டு நாள் அதில் உட்காராமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. மூன்றாம் நாள் உட்கார்ந்துவிட்டன. நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்தோம்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சந்தோஷமாக ஆரம்பிக்கும். அதை நம்பிவிடாதீர்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்குப் பதினைந்து, பத்தாம் வகுப்பு. அப்பா ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் மேனேஜர். அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் எதையாவது மறந்துவிட்டுப் போவார்கள். சீப்பு, பாதி சோப்பு, ஒற்றைச் செருப்பு. பஸ்ஸில் படிக்க வாங்கிய காமிக்ஸ் புத்தகங்களும் கிடக்கும். அவற்றை மட்டும் அப்பா மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வருவார். பலவற்றுக்குக் கடைசித் தாள் இருக்காது. யாரோ அதைக் கிழித்துக் கை துடைத்திருப்பார்கள். உளவாளி சிங்கத்தின் கூண்டுக்குள் தொங்கிக்கொண்டிருப்பான், கதை அத்தோடு நின்றுவிடும். நான் அழுவேன். அக்கா அந்த முடிவில்லாத கதையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாள்.

அவளுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் கோடு போட்ட நீளத் தாளை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிடுவாள். அடியில் லாட்ஜிலிருந்து வந்த பழைய கார்பன் தாள் மூன்று. பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதுவாள். ஒரே எழுத்தில் நாலு பிரதி விழும். நடுவிரலில் பேனா பதிந்த இடத்தில் குழி விழுந்து, கார்பன் மை ஏறி, எப்போதும் ஊதாவாக இருக்கும். வாரம் நாலு பக்கம். முதல் பக்கம் காமிக்ஸ், இரண்டாவது பாட்டு, மூன்றாவது குஸ்தி, நாலாவது வாசகர் கடிதம்.

'இந்த வாரக் கதையில் வில்லன் தன் திட்டம் முழுவதையும் கட்டிப்போட்ட ஹீரோவிடம் ஒப்பிக்கிறான். எங்கள் கணக்கு டீச்சர்கூட இவ்வளவு விளக்கமாகச் சொல்லித் தருவதில்லை. நூற்றுக்கு முப்பத்தைந்து, பாஸ்.' இப்படி எழுதுவாள்.

பாட்டு வரிசைக்கு அவள் ரேடியோவை நம்பவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில், திரும்பி வருகிற வழியில், டீக்கடையில், பரோட்டாக் கடையில், தனியார் பஸ்ஸில் எந்தப் பாட்டு ஓடினாலும் மணிக்கட்டின் உள்பக்கம் பேனாவால் ஒரு கோடு இழுப்பாள். காதுகுத்து வீட்டு மைக்செட்டில் கேட்டால் அரைக் கோடு. 'அது யாரும் விரும்பிப் போடுறது இல்லடி, கேசட்ல அடுத்து அதுதான் இருக்கும், ஓடும்' என்பாள். வாரக் கடைசியில் கோடுகளை எண்ணிப் பத்துப் பாட்டு வரிசை போடுவாள். வேர்வையில் அழிந்துபோன வாரங்களில் 'மழையால் முடிவுகள் தாமதம்' என்று ஒரு வரி வரும்.

ஆனால் அவள் உயிர் இருந்தது மூன்றாம் பக்கத்தில்தான்.

ஞாயிறு மத்தியானம் கேபிளில் வெளிநாட்டுக் குஸ்தி போடுவார்கள். எங்கள் வீட்டில் இழுத்துச் சாத்துகிற மரக் கதவு வைத்த கறுப்பு வெள்ளை டி.வி. ஆட்கள் மலை மலையாக வருவார்கள், நாற்காலியால் அடித்துக்கொள்வார்கள், கயிற்றின் மேல் ஏறிக் குதிப்பார்கள். தெருவே ஜெயிக்கிறவன் பக்கம். அக்கா மட்டும் ஒரு முகமூடிக்காரன் பக்கம். ஒல்லியான ஆள். முகம் முழுக்க மூடிய துணி, கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டை. வாரா வாரம் வருவான், வாரா வாரம் தோற்பான். அரிசி களைந்துகொண்டே அம்மாவும் எட்டிப் பார்ப்பாள். "அந்த மூஞ்சி மூடுனவனுக்கு மூச்சு முட்டாதாடி?" என்று ஒருநாள் கேட்டாள். அந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அவனைத் தெரியும்.

எங்கள் டி.வி.யில் நிறம் தெரியாது. அதனால் கேபிள் அண்ணன் சைக்கிளில் போகும்போது அக்கா வாசலில் நின்று கத்துவாள். "அண்ணே, முகமூடி போட்டுருக்க டிரவுசர் என்ன கலருண்ணே?"

கேபிள் அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தகப்பன் இல்லை. தாய் பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். தெருக்கோடி மாடியில் தகரம் போட்ட ஓர் அறையில் டிஷ்ஷையும் பெட்டிகளையும் வைத்து அவர்தான் எங்கள் பகுதிக்குப் படம் விட்டார். அவருக்கு அக்கா எப்போதும் தங்கச்சிதான். "பச்சை, தங்கச்சி. மஞ்ச பார்டர்" என்று சைக்கிளை நிறுத்தாமலேயே சொல்லிவிட்டுப் போவார். நாலாவது பிரதி, எழுத்து மங்கிப்போனது, அவருக்கு. மற்ற இரண்டு பிரதிகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும். முதல் பிரதியை அக்கா டி.வி. உறைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

ஒருமுறை அவர் வாசலில் நின்று சொன்னார். "முகமூடி தோக்குறதுக்குத்தான் சம்பளம் வாங்குறான் தங்கச்சி. எல்லாம் செட்டப்பு. யாரு ஜெயிக்கணும்னு மொதல்லயே எழுதி வச்சிருவாங்க."

அக்கா, "செட்டப்புன்னா மட்டும் முதுகு வலிக்காதாண்ணே?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு இதிலெல்லாம் பொறாமை. நானும் எழுத வேண்டும். நான் ஆதரித்தது ஒரு குண்டனை. குஸ்திக்காரர்கள் படமும் எடையும் உயரமும் அச்சடித்து நாங்கள் விளையாடுகிற டிரம்ப் கார்டுக் கட்டில் அவனுக்குத்தான் எடை அதிகம், அந்தக் கார்டு கையில் இருந்தால் யாரும் என்னை அசைக்க முடியாது. 'முகமூடி ஒரு கோழை, அழகில்லாததால் முகத்தை மூடியிருக்கிறான், அவனை ஆதரிப்பவர்களுக்குப் புத்தி இல்லை' என்று எழுதி, நாலாம் பக்கத்தில் போடச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை ஓர் எழுத்து மாற்றாமல் போட்டாள். கீழே ஆசிரியர் குறிப்பு என்று ஒரு வரி சேர்த்தாள்.

'இக்கடிதத்தை எழுதியவர் பத்து வயதாகியும் இன்னும் படுக்கையை நனைப்பவர் என்பதை வாசகர்கள் கவனத்தில் கொள்ளவும்.'

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அது சுற்றியது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. என் பெஞ்சில் இருந்தவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போனால், "குடிக்காதடி, அப்புறம் வரும்" என்றார்கள். நான் அந்த வாரம் பூராவும் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கவில்லை. அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. "விமர்சனம்னா தாங்கிக்கணும்டி" என்று சிரித்தாள்.

அந்த வாரமே சனிக்கிழமை காலையில் சொந்த ஊரான எழுமலையிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு மூத்தவர். கடலை மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்பா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். அம்மா காப்பி போட்டாள். அக்கா டியூஷன் போயிருந்தாள். பெரியப்பா டி.வி.யைப் பார்க்கலாம் என்று உறையைத் தூக்கினார். தாள்கள் சரிந்து அவர் மடியில் விழுந்தன.

"ஏன்டா, இது யாரு எழுத்து?"

"பெரியவ எழுத்துண்ணே. ஏதாவது கிறுக்கிக்கிட்டு இருப்பா."

"கிறுக்குனதப் படிச்சுப் பாத்தியா?"

அப்பா படித்ததில்லை. பெரியப்பா படித்தார். பத்திரம் படிக்கிறவர்போல நிறுத்தி நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

'முகமூடியை நான் விட மாட்டேன். தெருவே சிரித்தாலும் அவன் பக்கம்தான் நிற்பேன். அவன் அடிவாங்குகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஒருநாள் அவன் முகமூடியைக் கழற்றுவான். அன்றைக்கு அவன் யார் என்று இந்த ஊருக்கே தெரியும்.'

பெரியப்பா தாளை மடித்தார். "சின்னவளே, இங்க வாடி. யாரு இந்த முகமூடி?"

டி.வி.யில் வருகிற குஸ்திக்காரன் என்று சொல்ல ஒரு நொடி போதும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்கக் குடிக்காத தண்ணீரும் என் தொண்டையில்தான் இருந்தது. அக்காவுக்கு இரண்டு அடி விழும், அவளும் எல்லோர் முன்னாலும் அழுவாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. பத்து வயதில் அதற்கு மேல் நினைக்கத் தெரியவில்லை என்று நான் எனக்கே நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"கேபிள் அண்ணன்" என்றேன்.

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "அவன் எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரியுமா ஒனக்கு? நம்மாளு இல்லடா."

அக்கா பதினோரு மணிக்கு வந்தாள். முதலில் அவளுக்கு விஷயமே புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு எதிராகப் போனது. "அய்யோ பெரியப்பா, அது டி.வி.ல வர்ற ஆளு. குஸ்தி போடுறவரு. நாளைக்கி மூணு மணிக்கி வருவாரு, பாருங்க" என்றாள். அவள் சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே கேட்டது. எனக்கே அப்படிக் கேட்டது.

"குஸ்திக்காரன் அடிவாங்குனா ஒனக்கு ஏன்டி சோறு எறங்கல?" என்று கேட்டார் பெரியப்பா. அதற்கு அவள் என்ன சொல்வாள்? பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தோற்கிற ஒருவனுக்காகச் சாப்பிடாமல் இருப்பாள் என்பதை எந்த வார்த்தையில் சொல்லிப் புரியவைப்பது?

அப்பா கெட்டவர் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். அவர் அக்காவை அடிக்கவுமில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இந்த மாதிரி எத்தனை ஜோடியப் பாத்துருக்கேன் லாட்ஜுல. ரெண்டாம் நாள் அப்பனும் ஆத்தாளும் வந்து கவுண்டர்ல தலைய முட்டிக்கிட்டு அழுவாக. நான் ரெஜிஸ்டரத் தொறந்து காட்டுவேன்" என்றார். அவருக்குப் பயம். தினமும் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்ததை வைத்துத்தான் அவர் தன் மகளைப் படித்தார். நாலு பக்கத்தைப் படிக்கவில்லை.

அம்மா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பல வருஷம் கழித்துக் கேட்டேன். "ஒனக்குத் தெரியும்லம்மா, அப்படி ஒருத்தன் டி.வி.ல வந்தான்னு." அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அவுக ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கையில நான் குஸ்தி பாத்தேன்னு எப்படிடி சொல்றது" என்றாள். அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. அக்காவை உள் அறையில் வைத்துச் சாத்தியிருந்தார்கள். யாரும் டி.வி. பக்கம் போகவில்லை. நான் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போட்டேன். மூன்று மணிக்குக் குஸ்தி ஆரம்பித்தது. முகமூடிக்காரன் வந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான். அப்போது படம் போய்விட்டது. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொட்டியது. பக்கத்து வீட்டு டி.வி.யிலும் அதே இரைச்சல். தெருவில் எல்லோரும் வெளியே வந்து, "என்னாச்சு, என்னாச்சு" என்று மாடியைப் பார்த்தார்கள்.

தெருக்கோடியில், அன்று காலை எழுமலையிலிருந்து வந்திருந்த பெரியப்பாவின் மகன்கள் மூன்று பேரும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். ஒருவன் கையில் கம்பிக் கொக்கி. பில் குத்தி வைக்கிற கொக்கி. அதில் அக்காவின் நாலாவது பிரதிகள் அத்தனையும் வாரவாரியாகக் குத்தியிருந்தன. கேபிள் அண்ணன் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. தூக்கிப் போட்டிருந்தால் தப்பித்திருப்பார். "பாத்தீகளா, மாலை மாதிரி கோத்து வச்சிருக்கான்" என்று அப்பாவிடம் கொண்டுவந்து காட்டினார்கள்.

பின்னாலேயே அவர் வந்தார். சட்டை கிழிந்திருந்தது. இடது காதைப் பொத்தியிருந்த கையின் விரல் இடுக்கில் ரத்தம். அப்பாவைப் பார்த்து, "அண்ணே, தங்கச்சிண்ணே அது. எனக்குத் தங்கச்சிண்ணே" என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்தார். நான் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றேன். தெருக்காரர்கள், இனிமேல் கேபிள் எப்போது வரும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு கலைந்தார்கள்.

அடுத்த வாரமே அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். அந்தக் காது அதற்கப்புறம் கேட்கவில்லை என்றும் சொன்னார்கள். வேறொருவர் வந்து கேபிள் எடுத்து நடத்தினார். அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் படம் போட்டார், குஸ்தி போடவில்லை.

அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தது. வகுப்பு டீச்சர் வீடு தேடி வந்து கேட்டார். "பரீட்சையாவது எழுதட்டுமே, நானே கூட்டிட்டுப் போயி நானே கொண்டு வந்து விடுறேன்." அப்பா அவருக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். காமிக்ஸ் புத்தகங்களும் நீளத் தாள்களும் கொக்கியில் இருந்தவையும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. அம்மா ஒரு வாரம் வைத்து எரித்தாள். கார்பன் தாள் எரிகிற வாடை ரப்பர் வாடை மாதிரி இருக்கும். அந்த வெந்நீரில்தான் நான் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

பதினாறு முடிவதற்குள் கல்யாணம். மாப்பிள்ளை எழுமலையில் பெரியம்மாவின் உறவில் ஒருவர். பருத்திக்காடு, உரக்கடை. கெட்டவர் என்று அவரையும் சொல்ல முடியாது. புத்தகம் வாசிக்கிற பெண் என்று சொல்லித்தான் அவருக்குக் கொடுத்தார்கள். அதை ஒரு குறையாகச் சொல்லி, பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரும் பொறுத்துக்கொண்டார். வீட்டில் காலண்டரைத் தவிர அச்சடித்த தாள் ஒன்று இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

அக்கா அதன் பிறகு எழுதவில்லை. எதைப் பற்றியும் அவளுக்குக் கருத்து இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இந்தச் சேலை நல்லாருக்காக்கா?" என்றால், "ஒனக்குப் பிடிச்சா சரிதான்" என்பாள். "குழம்புல உப்பு சரியா?" "இருக்கும்." அவள் மகன் வளர்ந்து டி.வி.யில் குஸ்தி பார்த்தபோது அவள் எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். அவன் ஒருநாள் என்னிடம் கேட்டான். "சித்தி, எங்கம்மாவுக்கு எதுவுமே பிடிக்காதா?"

நாலு வருஷத்துக்கு முன்பு எழுமலைக்குப் போயிருந்தேன். இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. நான் திடீரென்று சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கிப் பெரியப்பா கேட்டப்ப கேபிள் அண்ணன்னு சொன்னது நான்தான்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்டி" என்றாள். "டியூஷன்லருந்து வாரேன், நீ கதவுக்குப் பின்னால நிக்கிற. அப்பவே தெரியும்."

"ஏன்க்கா கேக்கல?"

"என்னத்தக் கேக்க." ஒரு கடலையை வாயில் போட்டு மென்றாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "நீ படுக்கைய நனைச்சத நான் எழுதிருக்கக் கூடாது. சின்னப் புள்ள, எம்புட்டு அவமானமா இருந்துருக்கும் ஒனக்கு."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் அதை நினைத்து வைத்திருந்திருக்கிறாள். நான் எழுந்து போய்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

அவளிடம் அன்றைக்கும் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கேபிள் அண்ணனின் தாய் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி நீலச் சேலை. வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், டெட்டால் வாடை அடித்தது. என்னைக் கண்டதும் கிட்ட வந்து, என் உயரத்துக்குக் குனிந்தாள்.

"பாப்பா, பயப்படாத. நான் ஒன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன். எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லு. எம்மகன் ஒங்கக்காகிட்ட அப்படிப் பேசுனானா? அவன் எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்றான், தங்கச்சி மாதிரின்னு. நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒங்கப்பா கால்ல விழுந்தாவது எம்புள்ளயக் கூட்டியாந்துருவேன்."

அங்கே பெரியப்பா இல்லை, அப்பா இல்லை. அக்கா மேல் இருந்த கோபமும் எப்போதோ போயிருந்தது. யாரும் என்னை அடிக்கப் போவதில்லை. ஆனால் மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும், அப்புறம் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று மட்டும் தோன்றியது.

"ஆமா, பேசுனாரு" என்றேன்.

அவள் முழங்காலில் கை ஊன்றி நிமிர்ந்தாள். "அப்ப சரி" என்றாள். "எந்தலையில அடிச்சே பொய் சொல்லிட்டான். இனி அவன் என் மூஞ்சில முழிக்க வேண்டாம்."

போகப் போனவள் திரும்பி வந்தாள். இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள்.

"நீ ஒருத்தியாச்சும் நெசத்தச் சொன்னியே, ஆத்தா. நல்லா இருப்ப."